வேலை பிடிக்கவில்லையா? ராஜினாமாக் கடிதம் எழுதுவதற்கு முன் செய்து பார்க்க வேண்டியவை

விடுமுறை முடியப்போகிற கடைசி மாலை, விளக்கு போடுகிற நேரத்துக்கு வயிற்றுக்குள் ஏதோ பிசைய ஆரம்பிக்கும். மறுநாள் பெரிய பிரச்சினை என்று எதுவும் காத்திருக்காது. வழக்கமான மீட்டிங், வழக்கமான மெயில், வழக்கமான முகங்கள், அவ்வளவுதான். ஆனாலும் மனசு வரமாட்டேன் என்று அடம்பிடிக்கும். எப்போதாவது ஒருமுறை வந்தால் விட்டுத்தள்ளலாம், எல்லோருக்கும் வருவதுதான். வாராவாரம் வருகிறது என்றால் உட்கார்ந்து கவனிக்க வேண்டிய விஷயம்.

நான் இதில் ஆறேழு வருடம் கிடந்தவன். நடுவில் ஒருமுறை "இனி முடியாது" என்று வேலையை விட்டுவிட்டு, கொஞ்சம் கூடுதல் சம்பளத்தோடு வேறிடத்தில் சேர்ந்தேன். முதல் ஆறு மாதம் எல்லாம் இனித்தது. எட்டாவது மாதம் அதே வயிற்றுப் பிசைவு திரும்பி வந்து உட்கார்ந்துகொண்டது. பழைய இடத்தில் என்ன கோளாறு என்று கண்டுபிடிக்காமலேயே இடத்தை மட்டும் மாற்றியிருக்கிறேன் என்பது அப்போதுதான் உறைத்தது.

"வேலை பிடிக்கவில்லை" என்று சொல்வது "உடம்பு சரியில்லை" என்று சொல்வது மாதிரி. அதை மட்டும் வைத்துக்கொண்டு எந்த டாக்டரும் மருந்து எழுத முடியாது. காய்ச்சலா, அஜீரணமா, தூக்கம் கெட்டதா என்று பார்க்க வேண்டும். நான் இங்கே சொல்லப்போவது பெரும்பாலும் இந்தப் பார்க்கிற வேலையைப் பற்றித்தான். மருந்து அதற்கப்புறம், அதுவும் பல சமயம் நாம் பயப்படுவதைவிடச் சின்னதாகவே இருக்கும்.

இதில் நீங்கள் தனி ஆளும் இல்லை. கேலப் நிறுவனம் வருடாவருடம் உலகம் முழுக்க எடுக்கிற கணக்கின்படி, 2024-ல் வேலையில் ஈடுபாட்டோடு இருந்தவர்கள் 21 சதவீதம்தான். ஐந்து பேரில் ஒருவர். மீதி நான்கு பேரும் சோம்பேறிகள் என்று சொல்லிவிட முடியாது இல்லையா.

1. எங்கே வலிக்கிறது என்று பிரித்துப் பாருங்கள்

முதலில் களைப்பைத் தனியே எடுத்து வைத்துவிட வேண்டும், களைத்துப்போனவனுக்கு எல்லாமே கசக்கும். உலக சுகாதார நிறுவனம் 2019-ல் தன் நோய்ப் பட்டியலின் 11-ஆவது பதிப்பில் 'பர்ன்அவுட்' என்பதை விளக்கும்போது, அதை நோய் என்று சொல்லாமல் வேலை சார்ந்த ஒரு நிலை என்றுதான் வகைப்படுத்தியது. அதற்கு மூன்று அடையாளம் சொல்கிறது: சக்தி வற்றிப்போவது, வேலையிலிருந்து மனம் விலகி ஒரு ஏளனம் வந்துவிடுவது, செய்கிற வேலையில் திறமை குறைந்துவிட்டதாக உணர்வது. இதில் இரண்டாவதைத்தான் நாம் தப்பாகப் படிக்கிறோம். "எனக்கு இந்தத் துறையே சரிப்படாது" என்று தோன்றுவது சில சமயம் துறையின் குற்றமே கிடையாது, எட்டு மாதமாக ஒழுங்காகத் தூங்காததன் பலன்.

ஒரு எளிய கேள்வி கேட்டுக்கொள்ளுங்கள். பத்து நாள், மெயில் பார்க்காத நிஜமான லீவு கிடைத்துத் திரும்பி வந்தால், இதே வேலையில் உட்கார மனசு வருமா? வரும் என்றால் பிரச்சினை வேலையின் அளவில் இருக்கிறது, வகையில் இல்லை. (சாப்பாடு, தூக்கம், சிரிப்பு எல்லாவற்றையும் பிடுங்கிக்கொண்ட சோர்வு என்றால் இந்த மாதிரி கட்டுரைகளை மூடி வைத்துவிட்டு மருத்துவரைப் பாருங்கள். நிஜமாகச் சொல்கிறேன்.)

களைப்பு இல்லை என்றால் அடுத்து இரண்டு கூடைகள். 1959-ல் உளவியலாளர் ஃபிரெடெரிக் ஹெர்ஸ்பெர்க்கும் அவரோடு இருந்தவர்களும் அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் பகுதியில் சுமார் 200 பொறியாளர்கள், கணக்காளர்களிடம் "வேலையில் ரொம்ப நன்றாக உணர்ந்த சமயத்தைச் சொல்லுங்கள், ரொம்ப மோசமாக உணர்ந்த சமயத்தைச் சொல்லுங்கள்" என்று கேட்டுத் தொகுத்த முடிவை வெளியிட்டார்கள். நல்ல சமயங்களில் வந்தவை சாதித்தது, பாராட்டு, பொறுப்பு, வேலையே சுவாரசியமாக இருந்தது மாதிரி விஷயங்கள். கெட்ட சமயங்களில் வந்தவை நிர்வாகக் கொள்கை, மேற்பார்வை, சம்பளம், வேலைச் சூழல், கூட இருப்பவர்களோடு உரசல். அதாவது பிடிப்பதன் எதிர்ப்பக்கம் பிடிக்காமை என்று நாம் நினைப்பது தப்பு, இரண்டும் வேறு வேறு தண்டவாளம். இந்த ஆய்வைப் பின்னால் பலர் குறை சொன்னார்கள், நல்லது நடந்தால் தன் திறமை என்றும் கெட்டது நடந்தால் சுற்றியிருப்பவர்கள் குற்றம் என்றும் மனிதர்கள் சொல்லத்தானே செய்வார்கள் என்று. நியாயமான குறைதான். ஆனாலும் நம் சொந்தக் கணக்கைப் பிரித்துப் பார்க்க இந்த இரண்டு கூடை ரொம்ப உதவும்.

ஒரு தாளில் கோடு போடுங்கள். இடப்பக்கம் உறுத்துகிறவை: சம்பளம் தாமதம், நாற்காலி, ராத்திரி பத்து மணிக்கு வருகிற மெசேஜ், ஒருவருக்கு ஒரு நியாயம் இன்னொருவருக்கு ஒரு நியாயம். வலப்பக்கம் இல்லாமல் போனவை: புதிதாகக் கற்று ஒரு வருடம் ஆயிற்று, யாரும் நன்றாயிருக்கிறது என்று சொல்லி மாதக்கணக்காயிற்று, எதையும் நானே முடிவெடுக்க முடியவில்லை. இடப்பக்கத்தை எல்லாம் சரிசெய்தாலும் வலப்பக்கம் நிரம்பாது. எனக்கு இரண்டாவது வேலையில் நடந்தது அதுதான், சம்பளம் கூடியது, நாற்காலிகூட நல்ல நாற்காலி, வலப்பக்கம் காலியாகவே இருந்தது.

2. இரண்டு வாரம் குறிப்பு எழுதுங்கள்

இந்த ஒரு படியைத் தாண்டிப் போய்விடாதீர்கள், மற்றதெல்லாம் இதன் மேல்தான் நிற்கிறது. ஒரு மாதம் போனபின் ஞாபகத்தில் நிற்பது சண்டை போட்ட நாளும் பாராட்டு வாங்கிய நாளும்தான். நடுவில் கிடக்கிற நூற்றுக்கணக்கான மணி நேரம் எங்கே போனது என்று நமக்கே தெரியாது.

பெரிய ஆப் எதுவும் வேண்டாம், ஒரு பாக்கெட் நோட்டு போதும். என்ன செய்தேன், யாரோடு, எவ்வளவு நேரம், முடித்தபோது எப்படி இருந்தேன். கடைசிக் கட்டத்தில் ஒரு கூட்டல் குறி, அல்லது கழித்தல், அல்லது பூஜ்யம். கதை எழுத வேண்டாம், எழுத ஆரம்பித்தால் மூன்றாம் நாள் விட்டுவிடுவீர்கள். என் பழைய நோட்டில் ஒரு நாள் இப்படி இருக்கிறது:

9.40, விலைப்பட்டியல் சரிபார்த்தல், தனியாக, 50 நிமிடம், கூட்டல்.
11.00, நிலவரக் கூட்டம், ஒன்பது பேர், ஒரு மணி நேரம், நான் பேசியது 2 நிமிடம், கழித்தல்.
2.15, புதிதாகச் சேர்ந்த பெண்ணுக்கு சாஃப்ட்வேர் சொல்லிக்கொடுத்தது, 35 நிமிடம், இரண்டு கூட்டல்.
4.30, ஒரே மெயிலுக்கு மூன்றாம் முறை பதில், கழித்தல்.

எனக்கு எண்களோடு மல்லுக்கட்டுவது பிடிக்காது என்று அதுவரை ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தேன். நோட்டைப் பார்த்தால் எண்களுக்குப் பக்கத்தில் எல்லாம் கூட்டல். கழித்தல் விழுந்த இடமெல்லாம், நான் செய்துகொண்டிருக்கிற வேலையைப் பற்றி நாலு பேருக்கு நாலு விதமாகச் சொல்லிக்கொண்டிருந்த நேரம். அப்புறம் அந்தச் சொல்லிக்கொடுக்கிற வேலை, அது என் பணியிலேயே சேர்த்தி கிடையாது, யாரோ வரவில்லை என்று என் தலையில் விழுந்தது.

தெரெசா அமபிலே, ஸ்டீவன் கிரேமர் என்ற இரண்டு ஆய்வாளர்கள் இதையே பெரிய அளவில் செய்தார்கள். 7 நிறுவனங்களில் 238 பேரை தினமும் வேலை நாள் முடிவில் குறிப்பு எழுத வைத்தார்கள், சேர்ந்தது கிட்டத்தட்ட 12,000 குறிப்புகள். நல்ல நாள் என்று எழுதியவர்களின் நாளில் அதிகம் தென்பட்டது, அர்த்தமுள்ள வேலையில் ஓரடி முன்னே போனது. சின்ன அடியாக இருந்தாலும் சரி. அதனால் உங்கள் நோட்டில் கழித்தல் விழுந்த இடங்களைப் பார்க்கும்போது "இது கஷ்டமான வேலையா" என்று பார்க்காதீர்கள், "இதில் ஏதாவது நகர்ந்ததா" என்று பாருங்கள். கஷ்டமான வேலை நகர்ந்தால் அது பெரும்பாலும் கூட்டலில்தான் போய் விழும்.

பத்து வேலை நாள் ஆனதும் கூட்டல் போட்ட வரிகளை ஒரு நிறத்தில் கோடிடுங்கள். வாரத்தில் மொத்தம் எத்தனை மணி நேரம் என்று கூட்டுங்கள். என் முதல் கணக்கு வாரத்துக்கு ஆறு மணி நேரம், நாற்பத்தைந்தில் ஆறு.

3. உங்கள் வேலை யார் கையில் போய்ச் சேருகிறது?

வேலை அர்த்தமில்லாமல் தெரிவதற்கு ரொம்பச் சாதாரணமான ஒரு காரணம், அதன் மறுமுனை நமக்குத் தெரியாமல் இருப்பது. நாம் அனுப்பியது எங்கோ போகிறது, யாரோ பார்க்கிறார்கள் அல்லது பார்ப்பதில்லை.

ஒரு இடத்தில் நான் பதினான்கு மாதம் ஒவ்வொரு திங்கட்கிழமையும் ஒரு ரிப்போர்ட் தயாரித்தேன். ஏழு நெடுவரிசை, நாலு இடத்திலிருந்து தகவல் வாங்கி, இரண்டரை மணி நேர வேலை. ஒரு வாரம் காய்ச்சலில் அனுப்பவில்லை, ஒருவரும் கேட்கவில்லை. அடுத்த வாரம் வேண்டுமென்றே அனுப்பாமல் விட்டேன், அப்போதும் யாரும் மூச்சுவிடவில்லை. எரிச்சலோடு, பெறுநர் பட்டியலில் இருந்த பதினோரு பேரையும் தனித்தனியே கூப்பிட்டு "இதைப் பார்க்கிறீர்களா" என்று கேட்டேன். பத்துப் பேர் மென்று விழுங்கினார்கள். பதினோராவது ஆள், கிடங்கில் இருப்பவர், "மூணாவது நெடுவரிசை மட்டும் பார்ப்பேன் சார், அதை வச்சுதான் செவ்வாய்க்கிழமை லோடு எத்தனை வண்டின்னு முடிவு பண்றேன். ரெண்டு வாரமா வரலை, குத்துமதிப்பாப் போட்டு ஒரு வண்டி பாதி காலியாப் போச்சு" என்றார். அன்றிலிருந்து ரிப்போர்ட் ஒரே நெடுவரிசை, இருபது நிமிடம். அனுப்புவது அவர் ஒருவருக்குத்தான். ஆச்சரியம் என்னவென்றால் அந்த இருபது நிமிடம் என் வாரத்தின் நல்ல இருபது நிமிடங்களில் ஒன்றாகிவிட்டது.

இதற்கு ஆய்வு ஆதாரமே இருக்கிறது. 2007-ல் ஆடம் கிராண்டும் சக ஆய்வாளர்களும் வெளியிட்ட ஒரு சோதனை, ஒரு பல்கலைக்கழகத்துக்காகத் தொலைபேசியில் நன்கொடை கேட்கிற ஊழியர்களிடம் செய்தது. அந்தப் பணத்தில் உதவித்தொகை வாங்கிப் படிக்கிற ஒரு மாணவரை ஒரு குழு நேரில் சந்தித்துச் சில நிமிடம் பேசியது, அவ்வளவுதான். ஒரு மாதம் கழித்துப் பார்த்தால் அந்தக் குழு தொலைபேசியில் செலவிட்ட நேரம் 142 சதவீதம் கூடியிருந்தது, திரட்டிய பணம் 171 சதவீதம் கூடியிருந்தது. மாணவரின் கடிதத்தை மட்டும் படித்த குழுவில் அப்படி மாற்றம் இல்லை. நேரில் பார்ப்பதில்தான் விஷயம்.

அதனால் இந்த வாரம் ஒரே ஒரு வேலையை எடுத்துக்கொள்ளுங்கள். அதை வாங்கிப் பயன்படுத்துகிறவரைக் கண்டுபிடித்து, பத்து நிமிடம் பேசுங்கள். எதற்குப் பயன்படுத்துகிறீர்கள், எது உதவுகிறது, எது தேவையே இல்லை. யாருமே பயன்படுத்தவில்லை என்று தெரியவந்தால், அதுவும் லாபம்தான், நிறுத்தச் சொல்லிக் கேட்க ஒரு காரணம் கிடைத்தது.

4. வேலையின் ஓரங்களை மடித்துத் தையுங்கள்

நியமனக் கடிதத்தில் இருப்பது ஒரு வேலை, நீங்கள் நிஜமாகச் செய்வது இன்னொன்று. இரண்டுக்கும் நடுவில் எப்போதும் கொஞ்சம் இடைவெளி இருக்கிறது. ரெடிமேட் சட்டையை வாங்கி இடுப்பில் கொஞ்சம் பிடித்துத் தைத்துக்கொள்வதில்லையா, அந்த மாதிரி. ஏமி ரெஸ்னெஸ்கி, ஜேன் டட்டன் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 2001-ல் மருத்துவமனைத் துப்புரவுப் பணியாளர்களை வைத்து இதைப் பற்றி எழுதினார்கள். ஒரே வார்டு, ஒரே சம்பளம், ஒரே பணிப்பட்டியல். சிலர் தரையைத் துடைத்துவிட்டுப் போனார்கள். சிலர் நோயாளி குணமாவதில் தங்களுக்கும் பங்கு இருப்பதாக நினைத்து நடந்துகொண்டார்கள். நினைவில்லாமல் கிடக்கிற நோயாளிகளின் அறைச் சுவரில் இருந்த படங்களை, ஒரு மாற்றமாவது இருக்கட்டும் என்று அவ்வப்போது இடம் மாற்றி மாட்டிய ஒரு பணியாளரைப் பற்றி ரெஸ்னெஸ்கி சொல்லியிருக்கிறார். அது அவர் வேலையா என்று கேட்டதற்கு, அது என் வேலை இல்லை, அது நான், என்கிற மாதிரி பதில் வந்ததாம்.

இதைச் செய்வதற்கு உங்கள் நோட்டுதான் கருவி. கூட்டல் விழுந்த வேலைகளில் ஒன்றை வாரத்துக்கு ஒரு மணி நேரம் கூட்டப் பாருங்கள், கழித்தலில் ஒன்றை ஒரு மணி நேரம் குறைக்கப் பாருங்கள். ஒரு மணி நேரம் என்பது வேண்டுமென்றே சொன்ன அளவு, யாரிடமும் அனுமதி கேட்காமல் நகர்த்த முடிகிற அளவு. நான் செய்தது, புதிதாகச் சேர்கிறவர்களுக்குச் சொல்லிக்கொடுப்பதை நானே கேட்டு வாங்கிக்கொண்டேன். கேட்டதும் கொடுத்துவிட்டார்கள், அதுவரை அதைச் செய்தவருக்கு அது ஒரு பெரிய கழித்தல். இப்படித்தான், ஒருவருக்குக் கசப்பது இன்னொருவருக்கு இனிக்கும், பேசினால்தான் தெரியும்.

யாரோடு வேலை செய்கிறோம் என்பதையும் இதே போல மாற்றலாம். உங்களை உற்சாகப்படுத்துகிற ஒருவரோடு வாரத்துக்கு ஒருமுறை சேர்ந்து செய்கிற மாதிரி ஒரு வேலையைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

மூன்றாவதாக, வேலையைப் பார்க்கிற பார்வையை மாற்றிக்கொள்ளலாம் என்பார்கள். இதில் எனக்கு ஒரு தயக்கம் உண்டு. முதல் இரண்டும் செய்து, கூடவே பார்வையும் மாறினால் நல்லது. வேலையும் மாறாமல் ஆட்களும் மாறாமல் "நீங்கள் நினைப்பதை மாற்றிக்கொள்ளுங்கள்" என்று யாராவது சொன்னால், அதுவும் மேலிடத்திலிருந்து சொன்னால், கொஞ்சம் சந்தேகத்தோடு கேட்டுக்கொள்ளுங்கள்.

5. மேலாளரிடம் வாய் திறப்பது

பெரும்பாலோர் இந்த இடத்தில்தான் நின்றுவிடுகிறோம். ஒரு வருடம் மனசுக்குள் பேசிப் பேசி, கடைசியில் ராஜினாமாக் கடிதத்தோடு போய் நிற்கும்போது, அவர் "ஏன் முன்னாடியே சொல்லலை?" என்று கேட்பார். பாதி சமயம் அவர் நிஜமாகவே அதிர்ந்துதான் போயிருப்பார்.

"எனக்கு வேலையில் திருப்தி இல்லை" என்று ஆரம்பிக்காதீர்கள். அதற்கு அவரால் செய்ய முடிந்தது ஒன்றுமில்லை, பயந்துபோய் "ஏதாவது ஆஃபர் வந்திருக்கா?" என்பார். நோட்டிலிருந்து ஒரு உண்மை, ஒரு கோரிக்கை, ஒரு கெடு என்று கொண்டு போங்கள். நான் சொன்னது கிட்டத்தட்ட இப்படி: "சார், போன ரெண்டு வாரம் கணக்குப் பார்த்தேன். நிலவரம் சொல்றதுக்கு மட்டும் எனக்கு வாரம் ஒன்பது மணி நேரம் போகுது, நாலு பேருக்குத் தனித்தனியாச் சொல்றேன். ஒரே ஷீட்ல போட்டுடறேன், தேவைப்படறவங்க பார்த்துக்கட்டும். ஒரு மாசம் பார்ப்போம், சரியா வரலைன்னா பழையபடியே செய்யறேன்."

அவர் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "மத்தவங்க ஒத்துக்கணுமே" என்றார். "நான் கேட்டுக்கறேன் சார், நீங்க சரின்னு சொன்னாப் போதும்" என்றேன். சரி என்றார். மூன்று பேர் ஒத்துக்கொண்டார்கள், ஒருவர் கடைசிவரை தொலைபேசியில்தான் கேட்டார். ஒன்பது மணி நேரம் மூன்றாகக் குறைந்தது, போதாதா?

கவனியுங்கள், அந்தப் பேச்சில் என் மனநிலை பற்றி ஒரு வார்த்தை இல்லை. நல்ல மேலாளரிடம் மனநிலையையும் பேசலாம்தான், ஆனால் அவர் நல்லவரா என்று தெரிந்துகொள்ளவே இந்த மாதிரி ஒரு சின்னக் கோரிக்கை உதவும். ஒரு மாத வெள்ளோட்டத்துக்குக்கூட இடம் கொடுக்காதவர் பெரிய விஷயத்துக்குக் கொடுக்கப்போவதில்லை.

இன்னொன்று, ராபர்ட் கராசெக் என்ற ஆய்வாளர் 1979-லேயே சொன்னது: வேலைப்பளு கூடுவதைவிட, பளு கூடி, அதை எப்படிச் செய்வது என்று முடிவெடுக்கிற உரிமை குறைவாக இருக்கிற சேர்க்கைதான் மனிதர்களை அதிகம் நசுக்குகிறது. அதனால் "வேலையைக் குறையுங்கள்" என்று கேட்க முடியாத இடத்தில் "எந்த வரிசையில் செய்வது என்று நானே முடிவெடுக்கிறேன்" என்று கேளுங்கள். அதற்குச் செலவு இல்லை என்பதால் கிடைக்க வாய்ப்பு அதிகம்.

6. வேலை முடிந்த பிறகு வேலையை விடுங்கள்

இதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், எல்லோருக்கும் தெரிந்ததுதான். வீட்டுக்கு வந்தபின் உடம்பு ஓய்வெடுத்தால் போதாது, மனசு வேலையை விட்டு விலக வேண்டும். கிளம்புவதற்கு முன் நாளைக்கு முதலில் செய்ய வேண்டியதை ஒரு வரியில் எழுதி மேஜை மேல் வைத்துவிட்டு வாருங்கள். பாதியில் நிற்கிற விஷயம்தான் ராத்திரி மண்டைக்குள் சுற்றும், எழுதி வைத்தால் கொஞ்சம் அடங்கும்.

7. "உனக்குப் பிடித்ததைச் செய்" என்பதை எவ்வளவு நம்பலாம்?

கொஞ்சமாக நம்பலாம். வேலையைச் சிலர் பிழைப்பாகப் பார்க்கிறார்கள், சிலர் ஏறிப்போகிற படியாகப் பார்க்கிறார்கள், சிலர் இதற்காகத்தான் பிறந்தேன் என்று பார்க்கிறார்கள். ரெஸ்னெஸ்கியும் சக ஆய்வாளர்களும் 1997-ல் வெளியிட்ட ஆய்வில் இந்த மூன்று வகையினரும் ஏறக்குறைய சம அளவில் இருந்தார்கள். அதில் 24 பேர் ஒரே வகை அலுவலக உதவியாளர்கள், அந்த 24 பேருக்குள்ளும் அதே மூன்று பங்கு. எல்லா உன்னதத் தொழிலிலும் பிழைப்புக்கு வந்தவர் இருக்கிறார், எல்லாச் சாதாரண வேலையிலும் உயிரைக் கொடுப்பவர் இருக்கிறார் என்று எடுத்துக்கொள்ளலாம்.

பிழைப்பாகப் பார்ப்பது ஒன்றும் குறை இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். சாயங்காலம் ஆறு மணிக்குமேல் இருக்கிற வாழ்க்கை நிறைவாக இருந்து, பகல் வேலை அதற்குக் காசு தருகிறது என்றால், நேர்மையாகச் செய்துவிட்டுப் போவது முழுக்க மரியாதையான வாழ்க்கைதான். அவர்களைப் போய் "உன் லட்சியம் என்ன" என்று குடைகிறவர்களைப் பார்த்தால் எனக்கு எரிச்சல் வரும்.

தேடுகிறவர்களுக்கு ஒரு தகவல். பால் ஓ'கீஃப், கரோல் டுவெக், கிரிகரி வால்டன் மூவரும் 2018-ல் வெளியிட்ட ஆய்வில், ஆர்வம் என்பது எங்கோ ஒளிந்திருக்கிறது, அதைக் கண்டுபிடித்தால் போதும் என்று நம்புகிறவர்கள், புதிய விஷயம் கொஞ்சம் கடினமானதும் சீக்கிரம் ஆர்வம் இழந்தார்கள். ஆர்வம் வளர்க்கிற பொருள் என்று நம்பியவர்கள் அந்த அளவுக்கு இழக்கவில்லை. என் அனுபவமும் அதுதான், சொல்லிக்கொடுப்பது எனக்குப் பிடிக்கும் என்பது முதல் வருடம் தெரியவே தெரியாது. இருபது பேருக்குச் சொல்லிக்கொடுத்து, அதில் பத்துப் பேரைக் குழப்பி, அப்புறம்தான் பிடித்துப்போனது.

8. உங்களுக்குக் கீழே நாலு பேர் இருந்தால்

இது தனி வழிகாட்டியாகவே எழுத வேண்டியது. கேலப் தன் தரவுகளை வைத்துச் சொல்வது, ஒரு குழுவுக்கும் இன்னொரு குழுவுக்கும் ஈடுபாட்டில் இருக்கிற வித்தியாசத்தில் 70 சதவீதமாவது மேலாளரால் வருவது. அந்த எண்ணைப் பற்றி வாதாடலாம், திசையைப் பற்றி வாதாட முடியாது.

அவர்கள் ஈடுபாட்டை அளக்கக் கேட்கிற 12 கேள்விகளில் முதலாவது, என்னிடம் என்ன எதிர்பார்க்கப்படுகிறது என்று எனக்குத் தெரியுமா என்பது. அடுத்தது, அதைச் செய்யத் தேவையான பொருளும் கருவியும் என்னிடம் இருக்கிறதா என்பது. விருந்து, டி-ஷர்ட், சுவரில் ஒட்டுகிற வாசகம் எதுவும் இல்லை. உங்கள் ஆள் ஒருவரைக் கூப்பிட்டு "இந்த மாதம் உங்ககிட்ட நான் முக்கியமா எதிர்பார்க்கிறது என்னன்னு நினைக்கிறீங்க?" என்று கேட்டுப்பாருங்கள். நான் கேட்டபோது நாலு பேரில் இரண்டு பேர் சொன்ன பதிலைக் கேட்டு எனக்கே வெட்கமாகிவிட்டது. தப்பு அவர்களுடையது இல்லை, நான் சொன்னதே இல்லை.

வில்லியம் கான் 1990-ல் ஒரு கோடை முகாமிலும் ஒரு கட்டடக்கலை நிறுவனத்திலும் இருந்தவர்களை ஆராய்ந்து, ஒருவர் தன்னை முழுசாக வேலையில் கொடுப்பதற்கு மூன்று நிபந்தனை சொன்னார்: செய்வதற்கு அர்த்தம் இருக்க வேண்டும், தன்னை வெளிப்படுத்தினால் அடி விழாது என்ற பாதுகாப்பு வேண்டும், கொடுப்பதற்கு உடம்பிலும் மனசிலும் மிச்சம் இருக்க வேண்டும். நடுவில் இருக்கிறதே அந்தப் பாதுகாப்பு, அதைத்தான் மேலாளர்கள் ஒரு நொடியில் உடைத்துவிடுகிறோம். ஒருவர் தன் தவறைத் தானே வந்து சொல்கிறார், நீங்கள் முகம் சுளிக்கிறீர்கள், முடிந்தது. ஏமி எட்மண்ட்சன் 1990-களில் மருத்துவமனைக் குழுக்களை ஆராய்ந்தபோது, நன்றாக நடத்தப்பட்ட குழுக்களில் மருந்துத் தவறுகள் அதிகமாகப் பதிவாகியிருந்தன. அந்தக் குழுக்கள் அதிகம் தவறு செய்யவில்லை, பயமில்லாமல் வெளியே சொன்னார்கள். உங்கள் குழுவில் தவறே நடக்கவில்லை என்றால் கொஞ்சம் கவலைப்படுங்கள்.

கருத்துக் கணிப்பு எடுப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. நாலு பேர் குழுவில் "பெயர் வெளியிடப்படாது" என்பது யாரும் நம்பாத கதை, எழுத்து நடையிலேயே ஆள் தெரிந்துவிடும். கேட்டுவிட்டு மூன்று மாதம் மௌனமாக இருப்பதற்குக் கேட்காமலே இருக்கலாம். ஒரே ஒரு குறையை எடுத்து, இரண்டு வாரத்துக்குள் சரிசெய்து, "நீங்க சொன்னதாலதான் இது மாறுச்சு" என்று சொல்லிவிடுங்கள். அடுத்த முறை உண்மையை எழுதுவார்கள்.

9. எப்போது கிளம்ப வேண்டும்

மேலே சொன்ன எதையும் முயன்று பார்க்காமல் கிளம்பலாம் என்கிற இடங்கள் உண்டு. அவமதிப்பு, பாலியல் தொந்தரவு, சம்பளத்தைப் பிடித்து வைப்பது, கணக்கைத் திரித்து எழுதச் சொல்வது. இங்கே ஓரம் மடித்துத் தைக்க ஒன்றுமில்லை. நடந்ததைத் தேதியோடு எழுதி வைத்துக்கொண்டு, வழி தேடுங்கள்.

மற்றபடி, ஒரு கெடு வைத்துக்கொள்ளுங்கள். மூன்று மாதம் என்று வையுங்கள். கூட்டல் நேரம் வாரத்துக்கு ஆறிலிருந்து பத்துக்கோ பன்னிரண்டுக்கோ ஏறுகிறதா? ஏறுகிறது என்றால் இருந்து பார்க்கலாம். கேட்டும் பார்த்து, நகர்த்தியும் பார்த்து, அதே ஆறில் நிற்கிறது என்றால் அக்கரைப் பச்சையை நம்பித்தான் போகிறோம் என்ற பயம் இல்லாமல் தேட ஆரம்பிக்கலாம். கையில் சில மாதச் செலவுக்குப் பணம் இல்லாமல் முதலில் ராஜினாமா, அப்புறம் தேடல் என்று மட்டும் இறங்காதீர்கள். அவசரத்தில் எடுக்கிற வேலையைத்தான் எட்டாவது மாதம் நொந்துகொள்வோம்.

நேர்காணலில் "இங்கே வேலைக் கலாசாரம் எப்படி" என்று கேட்டால் எல்லா இடத்திலும் ஒரே பதில்தான் வரும், குடும்பம் மாதிரி என்பார்கள். அதற்குப் பதிலாக, அதே பொறுப்பில் இருக்கிற ஒருவரைப் பிடித்து, "போன செவ்வாய்க்கிழமை காலையிலிருந்து என்னென்ன செஞ்சீங்க?" என்று கேளுங்கள். செவ்வாய் என்று எதற்குச் சொல்கிறேன் என்றால், திங்கள், வெள்ளி போல அதற்குத் தனிக் குணம் கிடையாது, சாதாரண நாள். பதிலைக் கேட்கக் கேட்க மனசுக்குள் கூட்டல் கழித்தல் போட்டுக்கொண்டே போங்கள்.

இப்போது இருக்கிற இடத்துக்கு நான் வந்தது அப்படித்தான். அவர் இருபது நிமிடம் தன் செவ்வாய்க்கிழமையைச் சொன்னார், பாதிக்கு மேல் புதியவர்களைப் பழக்குகிற வேலை. ஒன்றே ஒன்றுதான் இடித்தது, பதினோரு மணிக்கு ஒரு மீட்டிங், பத்துப் பேர், ஒரு மணி நேரம். சேர்ந்து நாலு வருடம் ஆகிறது, அந்த மீட்டிங் இன்னும் நடக்கிறது. அரை மணி நேரமாகக் குறைக்கச் சொல்லிப் போன மாதம்தான் கேட்டிருக்கிறேன்.